கடலின் நீர்மை: ஒரு குறளும் ஒரு சொல்லாராய்ச்சியும்

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் ஏழாவதாக நிற்கும் பாட்டு, அவ்வதிகாரத்துப் பிற பாட்டுக்களினின்று ஒருவகையால் வேறுபட்டது. ஏனையவற்றுட் பல, மழை பொய்த்தால் நிலத்துக்கும் நிலத்து வாழ்வார்க்கும் நேரும் கேடுகளைக் கூறுவன. பசி வருத்தும், ஏர் நிற்கும், பசும்புல்லும் முளைக்காது, விழாவும் பூசையும் நடவா, தானமும் தவமும் தங்கா. ஏழாம் பாட்டு ஒன்றே நிலத்தை விட்டு அகன்று கடலை நோக்குகின்றது. கடலினின்று முகந்த நீரை முகில் மீள வழங்காதாயின், அளப்பரிய அக்கடலுக்கும் அதன் நீர்மையில் குறை நேரும் என்பது அப்பாட்டின் திரண்ட பொருள்.

இப்பாட்டினை விளக்குவார் இக்காலத்து இருவேறு நெறிகளிற் செல்கின்றனர். ஒரு சாரார், இது மழையின் பெருமையை மிகுத்துக் கூறும் உயர்வு நவிற்சியே. கடலாவது குறைவதாவது என்று கடந்து போவர். மற்றொரு சாரார், நீரின் சுழற்சி பற்றி இன்றைய அறிவியல் கூறும் அனைத்தையும் வள்ளுவர் முன்னரே கண்டு உரைத்துவிட்டார் என்று மகிழ்வர். முன்னவர் பாட்டினைப் பொருளற்ற அணியாக்குகின்றனர். பின்னவர் அதனை வேறொரு நூலுக்கு முன்னுரையாக்குகின்றனர். இரு சாராரும் பாட்டின் சொற்களை நின்று நோக்குவதில்லை. பழைய உரையாசிரியர்கள் நின்று நோக்கினர். அவர்கள் எழுப்பிய வினாக்களும் கண்ட விடைகளும், கடலியல் இன்று அளந்து காட்டும் செய்திகளோடு எம்முறையில் பொருந்துகின்றன, எவ்விடத்தில் பிரிகின்றன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இரு சொற்கள்

இக்குறளின் பொருள் இரண்டு சொற்களைப் பற்றி நிற்கின்றது. ஒன்று தடிந்து என்பது. மற்றொன்று நீர்மை என்பது.

தடிந்து என்பதற்கு மின்னி என்று பொருள் கொள்வாரும் உளர். அவ்வாறு கொண்டால் பாட்டின் பொருள் சுருங்கிவிடும். முகில் மின்னிப் பொழியாவிடின் கடல் குன்றும் என்ற அளவே எஞ்சும். அம்முகிலின் நீர் எங்கிருந்து வந்தது என்னும் செய்தி பாட்டில் இராது. பரிமேலழகர் இப்பொருளைக் கொள்ளவில்லை. அவர் அச்சொல்லுக்குக் குறைத்தல் என்று பொருள் கொண்டு, ஈண்டுக் குறைத்தலாவது முகத்தல் என விளக்கி, வையையைப் பாடும் பரிபாடலின் 20 ஆம் பாட்டினைச் சான்றாகக் காட்டினார். அப்பாட்டும் கடலைக் குறைத்துக் கொண்ட நீர் மலைமேற் பொழிதலைக் கூறுவதே. இப்பொருளின்படி குறளில் இரண்டு செயல்கள் உள்ளன. முகில் கடலினின்று கொள்கின்றது; கொண்டதைத் திரும்பக் கொடுக்கின்றது. கொள்ளுதலும் கொடுத்தலும் ஒரே தொடரில் வருதலால், நீரின் போக்கும் வரவும் ஒருங்கே கூறப்பட்டனவாயின. ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளால் ஒரு பாட்டின் உலகமே விரிதலும் சுருங்குதலும் இதனால் விளங்கும்.

அடுத்து நீர்மை. இது நீரின் அளவா, கடலின் இயல்பா? மேடைகளிலும் வகுப்பறைகளிலும் ‘மழையின்றேல் கடலும் வற்றும்’ என்று சொல்லிச் செல்லும் வழக்கம் உண்டு. நாமும் அவ்வாறு சொல்லியதுண்டு. ஆயின் பரிமேலழகர் வற்றுதலைக் கூறவில்லை. தன் இயல்பு குறைதல் என்றே பொருள் கொண்டு, அஃது யாதெனின் நீர்வாழ் உயிர்கள் பிறவாமையும் மணி முதலியன உண்டாகாமையுமாம் என்று விளக்கினார். கடல் இருந்தவாறே இருக்கும். கடலாயிருக்கும் தன்மை மட்டும் அதனிடத்துக் குறையும் என்பது அவர் கருத்து. மழைக்கு முதலாக உள்ள கடலுக்கும் மழை வேண்டும் என்று அவர் முடித்துக் காட்டுவது நம் கருத்தில் நிறுத்தற்பாலது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். இவ்வதிகாரத்தின் மூன்றாம் பாட்டின் உரையில், கடல் உடைத்தாயினும் அதனாற் பயனில்லை என்று குறிப்புரைத்தவரும் பரிமேலழகரே. ஆண்டுப் பயனில்லை என்றார். ஈண்டு மழைக்கு முதல் என்றார். இவை முரணாவா எனின், ஆகா. பசித்தார்க்குக் கடல்நீர் நேரே உதவாது; முகிலின் வழியாகவே உதவும். பயனின்மை நேர்ப்பயனைக் குறித்தது. முதலாதல் வழிப்பயனைக் குறித்தது. மூன்றாம் பாட்டில் பயனற்ற பெருநீராய் நிலத்தைச் சூழ்ந்து கிடந்த கடல், ஏழாம் பாட்டில் கொடுத்தும் கொண்டும் வாழும் ஒரு பொருளாகின்றது. அதிகாரத்தின் வளர்ச்சியும் இதுவே.

2. முந்நீர் பற்றிய வழக்கு

இக்குறளை ஓர் அளவையாகக் கொண்டு நடந்த சொல்வழக்கொன்று சிலப்பதிகார உரையில் உளது. அஃது இலக்கிய மாணவர் பலரும் அறிந்ததாயினும், அதன் தருக்கநெறியை முழுதும் உன்னியவர் சிலரே.

கடலுக்கு முந்நீர் என்பது பழம்பெயர். மூன்று நீர் என்றால் அம்மூன்றும் யாவை? ஆற்றுநீர், ஊற்றுநீர், மேனீராகிய மழைநீர் ஆகிய மூன்றும் கூடியது என்பாரை அடியார்க்குநல்லார் மறுக்கின்றார். அவர் கூறும் காரணம் வியப்பிற்குரியது. ஆற்றுநீர் மழைநீரே; இவையிரண்டும் இல்லாவிடத்து ஊற்றுநீரும் இல்லை; ஆகவே மூன்றென எண்ணப்பட்டவை உண்மையில் மூன்றாகா என்பது அவர் வாதம். சரி, முதுமையுடைய நீர் எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது என்கின்றார். கடலும் மழையின்றி நிலைபெறாது என்பதற்கு மேற்கூறிய குறளையே சான்றாக்குகின்றார். பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது தானே முதியது எனப்படுதல் எங்ஙனம் என்பது அவர் குறிப்பு. முடிவில், மண்ணைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று செய்கைகளை உடைய நீர் முந்நீர் என்று அமைக்கின்றார்.

சொல்லின் பிறப்பைப் பற்றிய அவர் முடிவு சரியோ அன்றோ என்பது இங்கு நம் வினா அன்று. அதுபற்றி வேறு கருத்துடையாரும் உளர். நாம் கருதவேண்டுவது அவர் வாதிக்கும் முறையை. பெயர்களால் வேறுபட்ட நீர்களை அவற்றின் வரவு நோக்கி ஒன்றாக்குகின்றார் அவர். ஆறும் ஊற்றும் கடலும் தனித்தனி நீர்நிலைகள் அல்ல. ஒரே நீரின் வெவ்வேறு தங்குமிடங்கள் என்பது அவ்வாதத்தின் உள்ளீடு. இலக்கணமும் சொற்பொருளும் ஆராயப் புகுந்த ஒருவர், நீரின் ஒருமையை அச்சொல்லாராய்ச்சியின் வழியே சென்றடைந்தார்.

இதன் அருமையை உணர மேலைநாட்டு வரலாறு ஒன்றை ஒப்புநோக்கல் தகும். ஆறுகளையும் ஊற்றுக்களையும் ஊட்டுவதற்கு மழைநீர் போதாது; கடல்நீர் நிலத்தடி வழிகளால் ஏறி வந்து மலைகளில் ஊற்றாகின்றது என்னும் கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. பிரான்சு நாட்டுப் பியேர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஆற்றினும் பன்மடங்கு மிகுதி என்று 1674 இல் வெளியிட்டார். ஆங்கிலேயராகிய எட்மண்டு ஆலி 1687 இல் மத்தியதரைக் கடலினின்று ஆவியாகும் நீரைக் கணக்கிட்டு, அஃது ஆறுகளை ஊட்டப் போதிய அளவினது என்று காட்டினார்.

இதனால் அடியார்க்குநல்லார் பெரோவை முந்திவிட்டார் என்று நாம் பறை சாற்றுதல் கூடாது. ஊற்று மழையைச் சார்ந்தது என்பது கோடையில் கிணறு காண்பார் எவரும் உணரத்தக்க உண்மை, அடியார்க்குநல்லார் அதனைத் தருக்கத்தில் அமைத்தார், பெரோ அளந்தார். காண்டல், கருதல், அளத்தல் என்னும் மூன்றும் வேறு வேறு. முதலிரண்டன் சிறப்பை உரைக்கப் புகுந்து மூன்றாவதன் சிறப்பைக் கவர்தல் திறனாய்வு ஆகாது.

3. அளவு பற்றிய கணக்கு

அளத்தலைப் பற்றிக் கூறினோம். ஆதலின், ‘கடல் வற்றும்’ என்னும் உரையையும் அளந்து பார்த்தல் முறையாகும்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுக வாணிகத்தை மழைக்காலத்திற்கு ஒப்பிடுகின்றார். வானம் கொண்ட நீர் மலையிற் பொழிதலும், மலையிற் பொழிந்த நீர் கடலிற் பரத்தலும் போல, கலத்தினின்று பண்டங்கள் கரைக்கு ஏறுகின்றன. கரையினின்று கலத்திற்கு இறங்குகின்றன. அப்பண்டங்கள் அளந்தறியப்படாதன என்கின்றார் புலவர். உவமையின் நயம், ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒருங்கே நடைபெறுதலில் உளது. ஒருவழிப் போக்கு வாணிகமாகாது. ஒருவழிப் போக்கு மழையுமாகாது.

புலவர் அளவிறந்தது என விட்ட கணக்கை இன்று ஒருவாறு அறிகின்றோம். உலகக் கடல்களினின்று ஓராண்டில் ஆவியாகும் நீர் ஏறத்தாழ 4,00,000 கன கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலின்மீதே மழையாக விழுந்துவிடுகின்றது. எஞ்சிய பங்காகிய ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர் மட்டுமே காற்றால் நிலத்தின்மேல் கொண்டுவரப்படுகின்றது. ஏறக்குறைய அதே அளவு நீர் ஆறுகளாலும் நிலத்தடி ஒழுக்காலும் கடலுக்கு மீள்கின்றது. நிலத்தில் பெய்யும் மழையில் எஞ்சிய பெரும்பகுதி மண்ணினின்றும் மரஞ்செடிகளினின்றும் எழுந்த ஆவியால் வருவது. கடலுண்ட முகிலையே பாடிய நம் புலவர் மரபு, காடு எழுப்பிய முகிலைப் பெரிதும் பாடாது விட்டது என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும்.

நிலத்திற்கு வந்த நீர் ஓராண்டு முழுவதும் மீளவில்லை என்று கொள்வோம். 36 கோடிச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல் அதனால் எவ்வளவு தாழும்? ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், அஃதாவது அரைச்சாண். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். இந்நிலை நீடித்தால் கடல் வற்ற 30,000 ஆண்டுகளுக்கு மேலாகும். மழை கடலிலும் பெய்யாது நின்றுவிடுவதாகக் கொண்டாலும் 3,000 ஆண்டு வேண்டும். ஆகவே, அளவு குறைந்து வற்றுதல் என்னும் பொருள் முழுப் பொய்யன்று. எனினும் மக்கள் வாழ்நாளில் எவரும் கண்டு அஞ்சுதற்குரிய நிகழ்ச்சியும் அன்று.

எனினும் அளவும் ஒரோவழி உணரப்பட்டுள்ளது. 2010 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் பெருமழை பெய்தபோது, உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தாழ்ந்ததைச் செயற்கைக்கோள்கள் அளந்தன. ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் அளவில் உயர்ந்து வந்த கடல், அவ்வுயர்வை நிறுத்தித் தாழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஆறுகள் பல கடலை அடைவதில்லை. பெய்த நீர் அந்நிலத்திலேயே தங்கிவிட்டது. முகில் வழங்கிற்று, நிலம் மீட்டுக் கொடுக்கக் காலந் தாழ்த்தது, கடல் அதனைத் தன் மேனியிற் காட்டியது.

4. இயல்பு பற்றிய கணக்கு

அளவுப் பொருள் இத்துணையே வலியுடையது. பரிமேலழகர் கொண்ட இயல்புப் பொருள் எத்துணை வலியுடையது? இதற்கு நம் கிழக்கிலுள்ள வங்கக்கடலே விடை கூறும்.

கடல்நீரின் உப்பு, பொதுவாக ஆயிரம் பங்கில் 35 பங்கு என்பர். அரபிக்கடலின் மேற்பரப்பில் ஆவியாதல் மிகுதி; மழையும் ஆற்றுவரவும் குறைவு; ஆதலின் அங்கு உப்பு 36 பங்கும் இருக்கும். வங்கக்கடலின் நிலை வேறு. கங்கையும் பிரமபுத்திரையும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கிருட்டிணையும் காவிரியும் அதன்கண் வந்து வீழ்கின்றன. மழையும் அதன்மேல் மிகுதி. மழைக்காலம் கழிந்தபின் அதன் வடபகுதியில் மேற்பரப்பின் உப்பு ஆயிரத்திற்கு 30 பங்கினும் கீழ்ச் செல்லும். ஒரே அகலாங்கில் அமைந்து, ஒரே ஞாயிற்றின் கீழ்க் கிடக்கும் இருகடல்கள், முகில் வழங்கிய அளவால் இருவேறு இயல்பின ஆயின.

இவ்வேறுபாடு உப்பின் அளவோடு நிற்பதன்று. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் மழையும் ஆறும் தந்த நீர் வங்கக்கடலின்மேல் மெல்லியதோர் அடுக்காக மிதந்து நிற்கின்றது. காற்று கடலைக் கலக்கினாலும், ஆழத்துத் தண்ணீர் மேலேறி வருதலை அவ்வடுக்கு பெரிதும் தடுக்கின்றது. மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 28 பாகை வெப்பத்தினும் குறையாது நிற்கின்றது. வெம்மையுடைய கடற்பரப்பிலிருந்தே உயர்ந்த மழைமுகில்கள் எழும். எனவே வங்கக்கடல் மீண்டும் மீண்டும் முகிலை எழுப்பவல்லதாய் இருத்தற்கு, முகில் அதற்கு முன்னர் வழங்கிய நன்னீரும் ஒரு காரணமாகின்றது. மழை பெய்தலால் கடல் மழை தரும் கடலாக நிலைபெறுகின்றது.

மழைக்கு முதலாதல் கடலின் இயல்பாயின், மழை பெறாத கடல் அவ்வியல்பில் குறைதல் உறுதி. பரிமேலழகர் உயிரும் மணியும் என்று எடுத்துக்காட்டினாரே அன்றி இதனைக் கூறவில்லை. மழைத்துளி சிப்பியுட் புகுந்து முத்தாம் என்பது பழைய நம்பிக்கை. முத்து, சிப்பி தன்னுட் புகுந்த ஊறுபொருளைச் சுற்றித் தானே சுரக்கும் பொருளால் ஆவது என்று இன்று அறிவோம். ஆதலின் அவர் எடுத்துக்காட்டில் ஒரு பகுதி நில்லாது. ஆயினும் நீர்மை என்பதற்கு இயல்பு என்று அவர் கொண்ட பொருள் நிற்கும். எடுத்துக்காட்டு வீழ்ந்தும் பொருள் வீழாமையே அவ்வுரையின் வலிமை.

இந்நன்னீர் விழுந்த இடத்தே தங்கிவிடுவதும் இல்லை. காற்றின் தொழிலை ஆண்டு கலம் செலுத்தியவன் மரபினன் என்று வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடியது புறநானூற்று 66 ஆம் பாட்டு. ஆண்டிற்கு இருமுறை திசைமாறும் அக்காற்றே வட இந்தியப் பெருங்கடலின் நீரோட்டங்களையும் திசைமாற்றுகின்றது. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் ஓட்டம், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் ஆந்திரக் கரையையும் தமிழகக் கரையையும் ஒட்டி ஒரு நீரோட்டம் தெற்கு நோக்கிப் பாய்ந்து, வடக்கே ஆறுகள் கொணர்ந்த உப்புக் குறைந்த நீரைச் சுமந்து செல்கின்றது. இலங்கையைச் சுற்றி, அந்நீரின் ஒரு பகுதி அரபிக்கடலின் தென்கிழக்கை அடைகின்றது. ஆண்டும் அது மேலடுக்காகக் கிடப்பதால், சித்திரை, வைகாசித் திங்களில் இலக்கத்தீவுக் கடலின் வெம்மை 30 பாகையையும் எட்டும். கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்குதற்கு முன்னர் நிகழும் செய்தி இது. ஓராண்டில் வங்கத்துப் பெய்த மழை, மறு ஆண்டின் மழைக்கு முற்பட்டு மேற்குக் கடலில் காத்து நிற்கின்றது.

கடலின் மூன்று செய்கைகளுள் அழித்தலும் ஒன்று என்றார் அடியார்க்குநல்லார். அதனையும் மறைத்தல் கூடாது. வங்கக்கடலின் இவ்வெம்மையே அதன் புயல்களுக்கும் ஊட்டமாகின்றது.

5. உவமையும் உண்மையும்

இதுகாறும் கூறியவற்றால், கடலையும் முகிலையும் பாடிய எல்லாப் பாட்டுக்களிலும் இவ்வாறே அறிவியல் காணலாம் என்று கொள்ளற்க. இரண்டு எடுத்துக்காட்டுக்களால் எல்லையை வரையறுத்தல் நலம்.

முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் நப்பூதனார், கடலைப் பருகி எழும் முகிலை, கையில் நீர் வார்த்த அளவில் ஓங்கி நின்ற திருமாலுக்கு ஒப்பிடுகின்றார். அம்முகில் வலமாக எழுந்தது என்று பொருள் கொள்ளுதல் வழக்கம். வலமாகச் சுழலுதல் புயலின் சுழற்சியைக் குறிக்கும் என்று ஒருவர் கூறப்புகுவாராயின், அஃது உண்மையோடு மாறுபடும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே புயற்காற்று இடமாகவே சுழலும். கோயிலை வலம் வருவார் செல்லும் திசைக்கு அது நேர் எதிரானது. வலம் என்பது மங்கலமும் வெற்றியும் வலிமையும் குறித்த சொல். தலைவன் வெற்றியொடு மீளுதலைப் பொருளாகக் கொண்ட பாட்டில் அச்சொல் அமைந்த பொருத்தத்தை உணர்வதே திறனாய்வு. அதனை வானிலைக் குறிப்பாக்கினால் அறிவியலும் கெடும், பாட்டும் கெடும்.

கம்பர் ஆற்றுப்படலத்தில், நீறணிந்த சிவபெருமானின் நிறத்தொடு சென்ற முகில்கள் கடலை மேய்ந்து திருமாலின் நிறத்தொடு மீண்டன என்கின்றார். அடுத்து, ஞாயிற்றால் வெம்மையுற்ற மலையைக் குளிர்விக்கக் கடலே எழுந்து வந்தது போன்றது முகில் என்றும் பாடுகின்றார். வெண்முகில் கருமுகிலாதல் கண்ணாற் கண்ட செய்தி. நீர்த்துளிகள் செறிந்து தடித்த முகிலின் அடிப்பகுதிக்கு ஒளி எட்டாமையால் அது கருமையாகின்றது. மலையைக் குளிர்விக்க எழுந்தது என்பதோ தற்குறிப்பேற்றம். ஆவியாகும்போது குளிர்வது கடல். ஆவி மீண்டும் நீராகும்போது அந்த வெம்மையை வானத்திலேயே விடுகின்றது. கவிஞர் ஏற்றிய நோக்கத்தை இயற்பியலால் அளப்பது முறையன்று. கம்பர் கடலுக்கு அருள் என்னும் குறிப்பை ஏற்றினார். அதனைச் சுவைத்தலே தக்கது.

ஆகவே ஒரு நெறி பெறப்படும். பாட்டு ஒரு கருத்தைக் காரணத்தோடு கூறுமிடத்து அதனை ஆராய்தல் தகும். உவமையாகவும் தற்குறிப்பேற்றமாகவும் கூறுமிடத்து அதனைச் சுவைத்தல் தகும். குறள், இது நிகழாவிடின் அது நிகழும் என்று காரணகாரியமாகக் கூறிற்று. ஆதலின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

6. வீண் என்னும் சொல்

இந்த ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. ஆற்றில் வெள்ளம் வருந்தோறும், இத்துணை நீர் கடலில் வீணாகக் கலந்தது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கற்றோரும் கல்லாரும் அவ்வாறே பேசுகின்றனர். வறட்சியால் வாடும் உழவர் இவ்வாறு கூறுதல் இயல்பு. அணையும் ஏரியும் இன்றி வேளாண்மை நடவாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயின் கடலை அடைந்த நீர் அனைத்தும் வீண் என்னும் கருத்து, வான்சிறப்பின் ஏழாம் பாட்டிற்கு நேர் மாறானது என்பதைத் தமிழ் கற்றாரேனும் உணர வேண்டும்.

நீல ஆற்றின் குறுக்கே எகிப்து நாடு அசுவான் பேரணையைக் கட்டி 1964 இல் வெள்ளத்தைத் தடுக்கத் தொடங்கிற்று. 1970 இல் அணை நிறைவுற்றது. ஆண்டுதோறும் வண்டலும் உயிர்ச்சத்தும் சுமந்துவந்த வெள்ளம் மத்தியதரைக் கடலின் தென்கிழக்கை அடையாதொழிந்தது. 1962 இல் ஏறத்தாழ 18,000 டன்னாக இருந்த மத்தி மீன்பாடு, அப்பத்தாண்டின் இறுதியில் 1,000 டன்னுக்கும் கீழ்ப்பட்டது. 1980 களின் பின் மீன்பாடு மீண்டது உண்மை. உரமும் நகரக் கழிவும் கலந்த நீர் ஊட்டிய மீட்சி அஃது என்பர் ஆராய்ந்தோர். நீர்வாழ் உயிர்கள் பிறவாமை என்று பரிமேலழகர் எழுதியது ஏட்டுரையன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆரல் கடலின் வரலாறு இன்னும் துயரமானது. அது நெடுங்கடல் அன்று. நாற்புறமும் நிலம் சூழ்ந்த உவர்நீர்ப் பரப்பு. 1960 இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொண்டிருந்தது. அதனை ஊட்டிய அமு, சீர் என்னும் ஈராறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டபின், 2007 அளவில் பத்தில் ஒருபங்காகச் சுருங்கிற்று. லிட்டருக்கு 10 கிராம் அளவில் இருந்த உப்பு, தென்பகுதியில் 100 கிராமைக் கடந்தது. 1980 களின் தொடக்கத்தில் மீன்பிடி தொழில் அற்றுப்போயிற்று. சிறுகடலாதலின் அளவும் இயல்பும் ஒருங்கே கெட்டன. வடபகுதியில் 2005 இல் கட்டப்பட்ட கரை சீர் ஆற்றின் நீரைத் தேக்கித் தந்தபின், அங்கு உப்புக் குறைந்தது, மீனும் மீண்டது. கொடுத்தால் நீர்மை மீளும் என்பதற்கு அது சான்று.

குறளில் கடலோடு ஒட்டி நிற்கும் உம்மை உயர்வு சிறப்பும்மை. சிறுநீர்நிலைகள் குறைதல் கூறவேண்டா. அத்துணைப் பெருங்கடலுக்கும் குறையுண்டு என்பது அதன் பொருள். ஆரல் போன்ற சிறுகடல் ஒரு தலைமுறையில் காட்டியதை, நெடுங்கடல் தன் கழிமுகங்களில் முதலிற் காட்டும். ஆழத்தில் பின்னர்க் காட்டும். கடலின் பரப்பு நம் கண்ணை மயக்குகின்றது. அதனை நிறைந்தது, எதுவும் வேண்டாதது என்று எண்ணச் செய்கின்றது. அம்மயக்கத்தை நீக்குதற்கே அவ்வும்மை அங்கு வைக்கப்பட்டது என்று கருதுவது பொருந்தும்.

முடிவாகக் கூறுவன: தடிந்து என்பதற்கு முகந்து என்னும் பொருளே பாட்டை நிறைவிக்கும். நீர்மை என்பதற்கு அளவினும் இயல்பே சிறந்த பொருள். வள்ளுவர் கடலியல் எழுதினார் அல்லர். பெறுவதும் தருவதும் அறாத ஓர் ஒழுங்கில் பெரியதும் விலக்கன்று என்று எழுதினார். அவ்வொழுங்கு கடலில் எவ்வாறு நடக்கின்றது என்பதை இன்று உப்பாலும் வெம்மையாலும் நீரோட்டத்தாலும் அளந்து அறிகின்றோம். உரையாசிரியர் விட்ட இடத்தினின்று உரையைத் தொடர்தல் அடுத்து வரும் மாணவர் கடன். அதற்குக் கடலியல் நூல்களும் உரைநூல்களும் ஒரே மேசையில் விரிந்து கிடத்தல் வேண்டும்.